கடல் இல்லாத ஊரின் புயல்

அரியலூர் மாவட்டம் செந்துறை வட்டாரத்தில் புயல் என்பது பெரும்பாலும் தொலைக்காட்சியில் நடக்கிற சங்கதி. கடலூரில் அலை எழும்புவதைக் காட்டுவார்கள், நாகப்பட்டினம் துறைமுகத்தில் கூண்டு ஏற்றியதைச் சொல்வார்கள். இங்கே வாசலில் நின்று அண்ணாந்து பார்த்து, நம் பக்கம் நாலு தூறலாவது விழுமா என்று கேட்பார்கள். முந்திரியும் மானாவாரிக் கடலையும் மக்காச்சோளமுமாக வானத்தை நம்பி நிற்கிற ஊர்களில் அப்படிக் கேட்பதில் தப்பே இல்லை. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கிடைக்கிறது. அதில் கணிசமான பங்கு வங்கக்கடலின் தாழ்வு மண்டலங்களும் புயல்களும் தருவது. ஏரியை நிரப்புவதும் சுவரைச் சாய்ப்பதும் ஒரே மழைதான். கூண்டு எண்ணைக் கேட்டு நம் ஆபத்தை அளக்க முடியாது. ஒன்றிலிருந்து பதினொன்று வரையுள்ள அந்த எண்கள் துறைமுகத்துக்கும் கப்பலுக்கும் படகுக்கும் சொல்லும் சேதி. இரும்புலிக்குறிச்சியில் ஓட்டு வீட்டில் இருப்பவருக்கு அதில் உபயோகமான தகவல் ஒன்றும் இல்லை. அவருக்கு வேண்டிய தகவல் வேறொன்று: செந்துறையிலிருந்து பரங்கிப்பேட்டைக் கடற்கரை நேர்கோட்டில் சுமார் எழுபது கிலோமீட்டரில் இருக்கிறது. மணிக்குப் பதினைந்து, இருபது கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்து வரும் ஒரு புயலுக்கு அது நாலைந்து மணி நேரப் பயணம்.

இந்திய வானிலை ஆய்வு மையம் புயல் எச்சரிக்கையை நான்கு கட்டமாகத் தருகிறது. முதலாவது, புயல் உருவாகலாம் என்ற முன்கூட்டிய கவனிப்பு. அடுத்தது, கரையோரத்தில் மோசமான வானிலை தொடங்குவதற்கு 48 மணி நேரம் முன்பு வரும் விழிப்பு அறிவிப்பு. மூன்றாவது, 24 மணி நேரம் முன்பு வரும் எச்சரிக்கை. இந்த மூன்றும் முதன்மையாகக் கடலோர மாவட்டங்களை நோக்கியவை. நான்காவது கட்டம், புயல் கரையைக் கடந்த பிறகு எந்தப் பக்கம் போகும், உள்மாவட்டங்களில் என்ன செய்யும் என்பதைச் சொல்வது. அது கரை கடப்பதற்குச் சுமார் 12 மணி நேரம் முன்பு வெளியாகும். கடலோரக் குடும்பம் இரண்டு நாள் முன்பே தன் பெயரைக் கேட்கிறது. நம் மாவட்டத்தின் பெயர் தீர்மானமாக வருவதற்குள் பாதி நாள்தான் மிஞ்சுகிறது. அதிலும் இரவு வந்துவிட்டால் கையில் இருப்பது ஆறு மணி நேரம். ஆகவே இந்த அத்தியாயம் ஒரே ஒரு அளவுகோலை வைத்துக்கொண்டு நடக்கிறது. பன்னிரண்டு மணி நேரத்தில் செய்து முடிக்க முடியாத எந்த வேலையையும் எச்சரிக்கைக்காகக் காத்திருந்து செய்யாதீர்கள், புரட்டாசியிலேயே முடித்துவிடுங்கள். கூரை, சுவர், மரம், வடிகால், மின்கம்பி, பத்திரங்கள் எல்லாம் புரட்டாசி வேலை. தண்ணீர், சாப்பாடு, மாடு, சார்ஜ் ஆகியவை மட்டுமே கடைசி நேர வேலை. பெரும்பாலான வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. கடைசி நேரத்தில் மெழுகுவர்த்தி வாங்க ஓடுகிறோம். கொக்கி துருப்பிடித்த கூரைச் சீட்டு அப்படியே இருக்கிறது.

கரையேறிய புயல் உடனே செத்துவிடுகிறது என்பதுதான் உள்ளூர்க்காரரின் முதல் நம்பிக்கை. அதில் பாதி உண்மை உண்டு. புயலுக்குத் தீனி கடலின் சூடும் ஈரமும். நிலத்துக்கு வந்தால் அந்தத் தீனி நின்றுபோகும், மரமும் மேடும் உரசிக் காற்று தளரும். ஆனால் தளர்வதற்கும் ஓய்வதற்கும் நடுவில் பல மணி நேரம் இருக்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா, டெல்டாவைத் தாண்டிப் புதுக்கோட்டை, திண்டுக்கல் பக்கமாகப் போனது. ஆலங்குடி, கீரமங்கலம் பகுதியில் தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. கொடைக்கானல் மலைச்சாலையிலும் மரங்கள் விழுந்து போக்குவரத்து நின்றது. லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்த புயல் அது. அதற்கு முன், 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயல், பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக்காடுகளைப் படுக்கவைத்தது. முந்திரியை வைத்து வாழும் செந்துறை, ஆண்டிமடம் வட்டாரங்களுக்கு அது அடுத்த வீட்டுச் செய்தி. மார்கழி பாதி கடந்துவிட்டது, இனிப் புயல் இல்லை என்ற கணக்கையும் தானே பொய்யாக்கிவிட்டுப் போனது.

காற்றைவிடத் தண்ணீரின் கதை இன்னும் தெளிவானது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல், காற்று வேகத்தில் சாதாரணப் புயல். தொடர்ந்து வீசிய காற்று மணிக்கு 89 கிலோமீட்டரைத் தொடவில்லை. பெயரளவில் பார்த்தால் தானேயின் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் அது நகர மறுத்து நின்றது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. அடுத்து உள்ளே நகர்ந்து, கடலிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் தள்ளியுள்ள கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையிலும் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. திருவண்ணாமலையில் மலை சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். ஊத்தங்கரை எங்கே, செந்துறை எங்கே? கடலுக்கு நாம்தான் பாதி தூரம் கிட்டே இருக்கிறோம். புயலின் வகைப்பாடு முழுக்கக் காற்றின் வேகத்தை வைத்துச் செய்யப்படுவது. 62 கிலோமீட்டரைத் தாண்டினால் புயல், 89-ஐத் தொட்டால் தீவிரப் புயல் என்று போகும். எவ்வளவு தண்ணீர் கொட்டும் என்பது அந்தப் பெயர்களுக்குள் இல்லை. ஆகையால் செய்தியில் புயலின் பெயரையும் தீவிரத்தையும் கேட்பதோடு நிற்காமல், நம் மாவட்டத்துக்கு அன்று என்ன நிற எச்சரிக்கை, கனமழையா, மிக கனமழையா, அதி கனமழையா என்று பாருங்கள். அதி கனமழை என்றால் 24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல்.

இந்த மாவட்டத்துக்குத் தண்ணீரின் பலம் தெரியாததல்ல. 1956 நவம்பர் 23 அதிகாலையில், மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் பிய்த்துக்கொண்டு போனது தெரியாமல் வந்த சென்னை–தூத்துக்குடி விரைவு ரயில் அரியலூர் அருகே ஆற்றில் விழுந்தது. நூற்று நாற்பது பேருக்கும் மேல் இறந்தார்கள். ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். ஆண்டின் பெரும்பகுதியில் காலை நனைக்காமல் கடக்கக்கூடிய ஆறு அது. நம் பக்கத்து ஆறும் ஓடையும் வாரியும் எல்லாமே அந்த ஜாதிதான். பத்து மாதம் வறண்டு கிடப்பதால்தான் பதினோராம் மாதத்தில் யாரும் அவற்றை நம்புவதில்லை.

முன்னறிவிப்பையே நம்பாதவர்களும் இருக்கிறார்கள். ‘இப்படித்தான் ஒவ்வொரு வருஷமும் சொல்கிறார்கள், கடைசியில் ஆந்திராவுக்குப் போய்விடுகிறது’ என்பது அவர்கள் வாதம். இதை ஏளனம் செய்ய வேண்டியதில்லை. புயல்கள் திசை மாறுவது உண்மை. ஆனால் அதே உண்மை எதிர்ப்பக்கமும் வேலை செய்கிறது. 2020 டிசம்பர் தொடக்கத்தில் புரெவி தென்கோடியில், பாம்பனுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையில் கடக்கும் என்று சொல்லப்பட்டது. அது மன்னார் வளைகுடாவில் வலுவிழந்து அசையாமல் நின்றது. புயல் முடிந்தது என்று தெற்கே மூச்சுவிட்ட நேரத்தில், எந்தத் தடத்திலும் இல்லாத சிதம்பரம், கொள்ளிடம் பகுதியில் ஒரே நாளில் 30 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. நமக்கு அது அடுத்த மாவட்டம். தவறும் முன்னறிவிப்பு நம்மைக் காப்பாற்றுவது போலவே கவிழ்க்கவும் செய்யும் என்பதால், அறிவிப்பை நம்பலாமா கூடாதா என்ற விவாதத்தில் பொருள் இல்லை. அறிவிப்பு வந்தாலும் வராவிட்டாலும் தாங்கக்கூடிய நிலையில் வீட்டை வைத்திருப்பதுதான் புரட்டாசி வேலையின் நோக்கம். அப்படிச் செய்த வேலை புயல் வராத வருஷத்திலும் வீணாவதில்லை; ஒழுகாத கூரை சாதாரண அடைமழைக்கும் ஒழுகாது.

கூரையிலிருந்து தொடங்குவோம். காற்று கூரையை மேலிருந்து அழுத்தி உடைப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். நடப்பது அதற்கு நேர்மாறு. வேகமாக ஓடும் காற்று கூரையின் மேல்பக்கத்தில் அழுத்தத்தைக் குறைக்கிறது, இறவாணத்துக்கு அடியில் புகுந்த காற்று கீழிருந்து தூக்குகிறது. எனவே முதலில் பிடுங்கிக்கொள்வது ஓரமும் முகடும். சீட்டுக் கூரையானால் ஏணி போட்டு ஓர வரிசைக் கொக்கிகளை மட்டுமாவது ஒவ்வொன்றாகக் கையால் அசைத்துப் பாருங்கள். துருவேறி இளைத்த கொக்கி, வெடித்துப்போன வாஷர், கொக்கியைச் சுற்றி அகலமாகிவிட்ட ஓட்டை, இந்த மூன்றில் எது தென்பட்டாலும் அந்தக் கொக்கி இல்லாததற்குச் சமம். சீட்டின் மேல் கல் தூக்கி வைக்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. கடும் காற்றில் அந்தக் கல்தான் முதலில் பறந்து வந்து அடுத்த வீட்டுக் குழந்தையின் தலையில் விழும். பாரம் வேண்டுமானால் மணல் மூட்டையைக் கயிற்றில் இணைத்து முகட்டின் இரு பக்கமும் தொங்குகிற மாதிரி போடுங்கள். சீட்டின் மேல் கால் வைக்கும்போது அடியில் சட்டம் இருக்கும் இடத்தில் மட்டும் வையுங்கள். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஆளைத் தாங்காது. ஓட்டு வீட்டில் முகட்டு ஓடுகளையும் கடைசி இரண்டு வரிசை ஓடுகளையும் சாந்து வைத்துப் பிடிக்கச் செய்தால் பாதி கவலை தீர்ந்தது. கூரை வீட்டுக்குப் பழைய மீன்வலையை மேலே விரித்து நாலு பக்கமும் முளை அடித்துக் கட்டுவது மலிவான, நல்ல வழி. புயலன்று அழுத்தம் சமமாகட்டும் என்று சன்னலைத் திறந்து வைக்கச் சொல்லும் ஆலோசனை ஒன்று ஊரில் உலவுகிறது. செய்யாதீர்கள். உள்ளே புகுந்த காற்று கூரையைத் தூக்குவதற்கு நீங்களே ஒத்தாசை செய்வதாகிவிடும். எல்லாக் கதவையும் அடையுங்கள், தாழ்ப்பாளுக்குக் கூடுதலாகக் குறுக்குக் கட்டையும் போடுங்கள்.

ஆனாலும் இந்த வட்டாரத்தில் நான் அதிகம் அஞ்சுவது சுவரைத்தான். காற்றில் போகிற கூரை சத்தம் போட்டுக்கொண்டு போகும். ஊறிய சுவர் சத்தமில்லாமல் நின்று, தூங்குகிற நேரத்தில் விழும். 2019 டிசம்பர் 2 அதிகாலையில் மேட்டுப்பாளையம் நடூரில் மழையில் ஊறிய ஒரு சுற்றுச்சுவர் சரிந்து, தாழ்வான வீடுகளில் தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் இறந்தார்கள். அங்கே புயலே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். மண்சுவரின் பலவீனம் அதன் அடியில் இருக்கிறது. இறவாணத்திலிருந்து சொட்டும் நீர் தரையில் பட்டுத் தெறித்து, சுவரின் அடியை ஒரு முழ உயரத்துக்கு அரித்துக்கொண்டே இருக்கும். மேலே சுவர் கனமாக ஊற, கீழே கால் மெலியும். ஆகவே சுவரை ஒட்டிய மண்ணை வெளிப்பக்கம் சரிவாக மேடாக்கி, தெறிக்கிற இடத்தில் ஜல்லியோ உடைந்த ஓடோ கொட்டி, அடிப்பாகத்தைத் தார்ப்பாயால் மூடுவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. இதைவிட மலிவான உயிர்க்காப்பு கிடையாது. கரிசல் மண்ணில் கட்டிய வீடானால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அந்த மண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும்; கோடையில் மூலையில் விழுந்த விரிசல் அப்படியே மழைநீர் இறங்கும் வழியாகிவிடும். விரிசலின் குறுக்கே பென்சிலால் ஒரு கோடும் தேதியும் போட்டுவைத்து, மழைக்காலத்தில் கோட்டின் இரு பாதியும் விலகுகிறதா என்று பார்த்தால் சுவரின் நிலை தெரிந்துவிடும். விலகினால் அந்தச் சுவரோரம் யாரும் படுக்கக் கூடாது. பக்கத்து மனைக்காரரின் சுற்றுச்சுவர் உங்கள் பக்கம் சாய்ந்திருந்தாலும் இதே விதிதான். தண்ணீர் வெளியேற அந்தச் சுவரின் அடியில் துளை விடச் சொல்லிக் கேட்பது பக்கத்து வீட்டுச் சண்டையாக மாறலாம். அப்படி மாறினாலும் கேட்க வேண்டிய விஷயம் இது.

‘எங்களுடையது தார்சு வீடு, இதெல்லாம் எங்களுக்கில்லை’ என்பவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் பத்து லிட்டர். ஐந்நூறு சதுர அடி மாடியில் 20 சென்டிமீட்டர் விழுந்தால் ஒன்பதாயிரம் லிட்டருக்கு மேல்; ஒன்பது டன்னுக்கும் கூடுதலான எடை. வேப்பஞ்சருகும் பந்தும் அடைத்துக்கொண்ட ஒரே ஒரு வடிகுழாய்தான் அதை இறக்க வேண்டும். அது இறக்காவிட்டால் சுற்றியிருக்கும் கைப்பிடிச் சுவர் அத்தனையையும் தொட்டி மாதிரி தேக்கி வைக்கும். முப்பது வருஷத்துக்கு முன் கட்டிய தொகுப்பு வீடுகளில் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி வெளியே தெரிகிற கூரைகள் இன்னும் இருக்கின்றன. அவற்றின் மேல் அந்தப் பாரம் நிற்கக் கூடாது. வடிகுழாயைச் சுத்தம் செய்வதோடு, அதற்குச் சற்று மேலே கைப்பிடிச் சுவரில் இன்னொரு ஓட்டை போட்டுவையுங்கள். அடைப்பு ஏற்பட்டால் அது உங்கள் வீட்டுக் கலிங்கு. தெருவுக்கும் இதே கணக்கு பொருந்தும்: ஏரிக்குப் போகும் வரத்து வாரியில் குப்பை கொட்டியோ மேடாக்கியோ வைத்திருந்தால், தண்ணீர் வேறு வழி தேடும்போது வீட்டுப் படி ஏறத்தான் செய்யும். இதைத் தனி வீடாகச் செய்ய முடியாது. கிராமசபைக் கூட்டம் வழக்கமாக அக்டோபர் 2-ல் கூடுகிறது. பருவமழைக்கு முன் வாரி தூர்வாரக் கேட்க அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை.

மின்சாரத்தைப் பற்றிப் புயல் அறிவுரைகள் எல்லாம் ‘அறுந்த கம்பியைத் தொடாதே’ என்பதோடு நின்றுவிடுகின்றன. வீட்டு வாசலிலேயே தொங்குகிற ஆபத்து ஒன்று உண்டு: துணி காயப்போடும் கொடிக்கம்பி. வீட்டுக்கு மின்சாரம் வரும் குழாயில் ஒரு முனையையும் முருங்கை மரத்தில் மறு முனையையும் கட்டிய இரும்புக்கம்பி எத்தனையோ வாசல்களில் இருக்கிறது. குழாய்க்குள் ஒயரின் தோல் உரிந்து ஈரம் இறங்கினால், ஈரத்துணியோடு கம்பியைத் தொடுபவர் அதோடு சரி. இன்றே அறுத்துப் போட்டு நைலான் கயிறு கட்டுங்கள். மின்கம்பத்தின் ஸ்டே கம்பியில் மாட்டைக் கட்டுவதும் இதே ரகம். கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தை உடனே துண்டிக்கும் கருவி வீட்டில் இல்லையென்றால், மாற்றி மாற்றிச் செய்கிற பெயின்ட் வேலையைத் தள்ளிவைத்துவிட்டு அதைப் பொருத்துங்கள். கம்பியை உரசும் கிளையை நீங்களே வெட்ட ஏறாதீர்கள். மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் சொல்லி ஆட்களை வரவழையுங்கள். கம்பிக்குத் தூரமாக இருக்கும் மரங்களில் கவாத்து செய்வதும், தென்னையில் முற்றிய காயையும் காய்ந்த மட்டையையும் இறக்குவதும் உங்கள் வேலை.

இதற்கெல்லாம் காசு ஏது என்ற கேள்விதான் இருப்பதிலேயே வலுவானது. அதற்கு நேர்மையான பதில், எல்லாவற்றையும் ஒரே வருஷத்தில் செய்ய முடியாது என்பதுதான். கூலிக்குப் போகும் குடும்பத்திடம் கூரையை மாற்று என்று எழுதுவது சுலபம். ஆகவே வரிசை முக்கியம். மண் அணைப்பது, கொடிக்கம்பியை மாற்றுவது, வடிகுழாயைத் துப்புரவாக்குவது, படுக்கையை இடம் மாற்றுவது எல்லாம் கிட்டத்தட்டச் செலவில்லாதவை. உயிரைக் காப்பவையும் பெரும்பாலும் இவைதான். கொக்கியும் சாந்தும் அடுத்து. கூரை மாற்றுவது கடைசி. அதற்கு முந்திரியும் கடலையும் விற்ற கையோடு பணம் ஒதுக்கத் திட்டமிடலாம், அரசின் வீட்டுத் திட்டங்களுக்கு மனுவும் போடலாம். வீடு தாங்காது என்று மனதுக்குப் பட்டால், தாங்க வைக்கப் பாடுபடுவதைவிட, எந்தப் பள்ளிக்கூடத்தில், எந்த உறவினர் வீட்டில் அன்று இரவு தங்குவது என்பதைப் புரட்டாசியிலேயே முடிவு செய்து வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

இனி அந்தப் பன்னிரண்டு மணி நேரம். மின்சாரம் போனால் ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டி நிரம்பாது. வெளிச்சத்துக்கு முன்பே தட்டுப்பாடாவது தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் தலைக்கு ஐந்து லிட்டர் என்று வைத்தால், ஐந்து பேருக்கு மூன்று நாளைக்கு 75 லிட்டர், அதாவது ஐந்தாறு குடம். கழுவவும் கழிப்பறைக்கும் அண்டா, டிரம் என்று கிடைப்பதையெல்லாம் தனியாக நிரப்புங்கள். பருத்திமாரும் முந்திரி மிலாறும் இரண்டு நாளைக்குத் தேவையானதைக் கூரைக்கடியில் இழுத்துப் போடுங்கள். அவல், பொரிகடலை, கேழ்வரகு மாவு, வெல்லம் இருந்தால் அடுப்பே எரியாத நாளையும் ஓட்டிவிடலாம். ஏடிஎம்மும் ஃபோன்பேயும் மின்சாரத்தோடு போய்விடும், ஆகவே சில்லறை நோட்டாகக் கொஞ்சம் கையில் இருக்கட்டும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் இரண்டு வாரத்துக்கு இருக்க வேண்டும்; இன்சுலின் போடுபவர்கள், ஃபிரிட்ஜ் நின்றால் ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் நீர் படாமல் வைக்கலாம். பிரசவ நாள் நெருங்கிய பெண்ணை மழை பிடிப்பதற்கு முன்பே மருத்துவமனைக்கு அனுப்பிவிடுங்கள். 108 வண்டியாலும் தரைப்பாலத்து வெள்ளத்தில் நீந்த முடியாது. மாட்டையும் ஆட்டையும் கொட்டகைக்குள் கட்டிப்போட்டுவிட்டுப் போவது மிகப் பெரிய தவறு. கயிற்றை அவிழ்த்துவிட்டால் அவை தாமே மேட்டைக் கண்டுபிடிக்கும். இரவில் தரையில் படுக்காதீர்கள். வளையில் நீர் புகுந்தால் கட்டுவிரியன் காய்ந்த இடம் தேடி வீட்டுக்குள் வரும், அது கடித்தால் பல சமயம் வலிக்கக்கூட வலிக்காது. கடிபட்ட இடத்தைக் கட்டுவது, கீறுவது எல்லாம் வேண்டாம், நேரே மருத்துவமனை.

வெளியே போகாமல் இருப்பதுதான் உத்தமம், போயே ஆக வேண்டுமென்றால் ஓடும் தண்ணீரை ஆழத்தை வைத்து எடை போடாதீர்கள். அரை அடி உயர வேகமான நீர் ஒரு பெரியவரின் காலைத் தட்டிவிடும், ஓரடி நீர் சிறிய காரை மிதக்கச் செய்யும். வெள்ளாற்றையும் ஓடைகளையும் கடக்கும் தரைப்பாலங்களில் பைக்கை உருட்டிக்கொண்டு போகும் இளைஞர்களிடம் வீட்டில் இருப்பவர்கள் கண்டிப்பாக இருக்க வேண்டிய இடம் இது. சுண்ணாம்புக்கல் வெட்டியெடுத்த பள்ளங்கள் நம் பகுதிக்கே உரிய இன்னொரு ஆபத்து. மழையில் நிரம்பிய பள்ளம் பார்வைக்கு ஏரி போலத் தெரியும். ஏரிக்குக் கரைச்சரிவு உண்டு, பள்ளத்துக்குக் கிடையாது. விளிம்பிலிருந்து ஓரடி எடுத்து வைத்தால் நேரே ஆழம், விளிம்பு மண்ணும் ஊறிச் சரிந்துகொண்டிருக்கும்.

மழை விட்ட பிறகு இரண்டு மூன்று நாளைக்குச் சுவர் ஆபத்து தீர்வதில்லை. வெயில் அடிக்கத் தொடங்கியதும் விழுகிற சுவர்கள் உண்டு. அதே நாட்களில்தான் நிவாரணக் கணக்கும் எடுக்கப்படும். 2024-ல் ஃபெஞ்சலுக்குப் பிறகு தமிழக அரசு அறிவித்தபடி, சேதமடைந்த குடிசைக்கு 10,000 ரூபாய், இறந்த பசுவுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000, முந்திரி போன்ற பல்லாண்டுப் பயிர்களுக்கும் மரங்களுக்கும் ஹெக்டேருக்கு 22,500 என்று இருந்தது. இழந்ததற்கு இது ஈடாகாது, ஆனால் இதுவும் அத்தாட்சி இருந்தால்தான் கிடைக்கும். வீட்டின் நாலு பக்கத்தையும், கொட்டகையையும், தோப்பையும் புரட்டாசியிலேயே செல்போனில் படம் பிடித்து வெளியூர் உறவினர் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். இடிந்த பிறகு எடுத்த படத்தோடு சேர்த்துக் காட்டும்போது பேச்சுக்கு இடமிருக்காது. பட்டா, சிட்டா, குடும்ப அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம், அடகுச் சீட்டு எல்லாம் மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவில் பரணில் இருக்கட்டும். மாடு இறந்தால் கால்நடை மருத்துவரின் பிரேதப் பரிசோதனைச் சான்று வாங்காமல் புதைக்காதீர்கள். இடிந்த சுவரை அப்புறப்படுத்துவதற்கு முன் கிராம நிர்வாக அலுவலருக்குத் தகவல் சொல்லுங்கள். அவர் வரத் தாமதமானால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077-ல் புகாராகப் பதிவு செய்து, பதிவான தேதியையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.